ஒன்பதாம் வகுப்பு கண்டெடுத்த கிணறு

பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே தாளாளர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பல்லடம் சாலையை ஒட்டி, பனியன் கம்பெனிகளுக்கும் விசைத்தறிக் கூடங்களுக்கும் நடுவே இருந்த தனியார் பள்ளி அது. ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு நான் சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். தாளாளருக்குப் பூர்வீகம் விவசாயம். அவருடைய அப்பா காலத்தில் தோட்டமாக இருந்த நிலத்தில்தான் பள்ளி நின்றது. பள்ளி அவருக்குப் பக்கத் தொழில். முதல் தொழில் பனியன் ஏற்றுமதி.

"வாங்க டீச்சர், உக்காருங்க. காப்பி சொல்லட்டுங்களா?" என்றார். வாட்ச்மேனிடமும் அப்படித்தான் பேசுவார், கம்பெனிக்கு வரும் பெரிய ஆட்களிடமும் அப்படித்தான். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அந்தக் குரலுக்கே பயப்படும் நாள் வரும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

"கோயமுத்தூர்ல ஒரு ஸ்கூல்ல பாத்தேனுங்க. பாதிப் பாடம் கிளாஸ்ல, பாதி ஊட்ல போன்ல. பிளெண்டட் லேர்னிங்னு பேராமா. நம்ம பசங்களுக்கும் அதக் கொண்டாந்தரோணும். மொதல்ல ஹிஸ்டரில பண்ணிப் பாருங்க. அதுல கொஞ்சம் முன்னப்பின்ன ஆனாலும் ஒண்ணும் குடி முழுகிடாது பாருங்க."

வரலாற்றைப் பற்றி அவர் அப்படிச் சொன்னது எனக்கு உறைக்கக்கூட இல்லை. சந்தோஷம் அவ்வளவு. பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இருப்பதால் அதைத் தொட வேண்டாம், ஒன்பதாம் வகுப்பில் தொடங்கலாம் என்று முடிவானது. மைதானத்தின் பின்கோடியில் புது பிளாக் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அதில் பெரிய ஸ்க்ரீன் வைத்த அறை என் வகுப்புக்குத்தான் என்றும் சொல்லி அனுப்பினார்.

எனக்குத் துணையாக வந்தவர் கம்ப்யூட்டர் சார். என்னைவிட வயதில் மிகவும் சின்னவர். காதர்பேட்டையில் அவருடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, சின்னதாக ஒரு பனியன் கடை. பிள்ளைகள் உள்ளே நுழைந்து பாடம் பார்க்கவும் எழுதவும் பேசிப் பதிவேற்றவும் ஒரு தளத்தை அவர்தான் அமைத்துத் தந்தார். நான் வீட்டுச் சமையலறையில் போனை நிறுத்தி வைத்து வீடியோ பாடங்கள் எடுத்தேன். பிரெஞ்சுப் புரட்சிப் பாடத்தின் நடுவே குக்கர் விசில் அடித்தது. மறுநாள் வகுப்பில் பிள்ளைகளுக்கு நினைவிருந்தது அந்த விசில் மட்டும்தான்.

முதல் மாதம் முழுத் தோல்வி. போன் அப்பாவிடம் இருக்கும்; அப்பா ஷிப்ட் முடிந்து வரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். பார்த்தவர்களும் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுவிட்டு, 'சூப்பர் மிஸ்' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். நான் செய்தது கரும்பலகையைத் தூக்கிப் போனுக்குள் வைத்ததுதான் என்று ஒருநாள் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது புரிந்தது.

அதனால் பாடத்தையே திருப்பிப் போட்டேன். வீட்டில் பிள்ளைகள் கேட்க வேண்டாம், மற்றவர்களைப் பேச வைக்கட்டும். வீட்டிலோ தெருவிலோ ஒருவரைப் பிடித்து, 'நம் ஊரில் முன்பு இருந்து இப்போது இல்லாமல் போன ஒன்று எது?' என்று கேட்டு, அவர் பேசுவதைப் போனில் பதிந்து தளத்தில் ஏற்ற வேண்டும். வகுப்பில் அதைப் போட்டுக் கேட்போம். கேட்டபின் மூன்று கேள்விகள். இவருக்கு இது எப்படித் தெரியும்? இதைச் சொல்வதில் இவருக்கு லாபம் நஷ்டம் உண்டா? இவருக்குச் சம்பந்தமில்லாத வேறு யாராவது இதையே சொல்கிறார்களா? வரலாற்றுக்கு இதைவிட எளிமையான வாசல் எனக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டர் சார் தளத்தில் ஊர் வரைபடம் ஒன்றையும் வைத்தார். யார் எந்த இடத்தைப் பற்றிப் பேசினார்களோ அந்த இடத்தில் பிள்ளைகள் ஒரு சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும்.

வகுப்பு மாறியது. கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்கார்ந்தது. இடிக்கப்பட்ட டூரிங் டாக்கீஸ், வெட்டப்பட்ட புளியமரச் சாலை, வாரச்சந்தை நடந்த மேடு, ஆட்டுக்கிடை போட்ட பொட்டல் என்று தினமும் ஏதாவது வந்தது. பிகாரிலிருந்து வந்து தையல் லைனில் வேலை செய்யும் ஒருவரை ஒரு பையன் இந்தியிலேயே பேட்டி எடுத்து வந்திருந்தான். ஒருத்தியின் அப்புச்சி, அம்மாவின் அப்பா, பேசிய பதிவில் பின்னணி முழுக்கத் தறிச் சத்தம். அந்த வாரங்களை நினைத்தால் இப்போதும் மனது நிறையும். ஆனால் அடுத்து வந்ததை நினைக்காமல் அவற்றை மட்டும் தனியே நினைக்க முடிவதில்லை.

கிணற்றைப் பற்றி முதலில் சொன்னது ஒரு பையனின் பெரியம்மா. "சாயக் கெணறுன்னு ஒண்ணு இருந்துச்சு கண்ணு. அந்தப் பக்கம் ஆட்டக்கூட ஓட்டமாட்டோம்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். யாரும் பொருட்படுத்தவில்லை. சில நாள் கழித்து ஒரு டீக்கடைக்காரர் பேசியதிலும் அது வந்தது. விடியுமுன்னே டேங்கர் வண்டிகள் வரிசையாக அந்தத் தோட்டத்துக்குள் போகும், திரும்பும்போது காலியாக வரும் என்றார். சாயப்பட்டறைக் கழிவைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடுவது சிக்கலான பிறகு, தண்ணீர் வற்றிய விவசாயக் கிணறுகளில் சிலர் அதைக் கொட்டினார்கள் என்பது இந்த ஊரில் எல்லோரும் கேள்விப்பட்ட சங்கதிதான். பிறகு ஒரு பஸ் கண்டக்டர். பிறகு ஒரு தறிக்காரரின் மனைவி. ஒருவருக்கொருவர் அறிமுகமில்லாதவர்கள்.

வரைபடத்தில் அந்தப் புள்ளிகள் ஒரே இடத்தில் விழவில்லை. ஒன்று ரோட்டோரம், ஒன்று பள்ளி மைதானத்தில், ஒன்று காம்பவுண்டுக்கு வெளியே. பிள்ளைகளுக்குத் தெரிந்த அடையாளம் பள்ளிதான், அதனால் பள்ளிக்குப் பக்கமாகக் குத்திவிடுகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமாதானத்தை உடைத்தது ஒரு பெண்ணின் பதிவு. அதிகம் பேசாத பெண். அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், டிரைவர். மகள் கேட்ட கேள்விக்கு அவர் வஞ்சனையில்லாமல் பதில் சொல்லியிருந்தார். நான் அதை முன்கூட்டிக் கேட்காமல் நேராக வகுப்பில் போட்டேன்.

"நா இந்த ஊருக்கு வந்த புதுசுல டேங்கர்தான் ஓட்டுனேன் தாயி. இப்ப ஒங்க ஸ்கூலு இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி அங்கிட்டு ஒரு பெரிய கெணறு. சதுரக் கெணறு. அதுலதான் ஊத்தச் சொன்னாக. எம்புட்டு ஊத்துனாலும் நெறையாது. மறுநா வந்து பாத்தா கீழ எறங்கிக் கெடக்கும். எங்க போகுதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. பெறகு ஆபீசருக வாராகன்னு சொல்லி ஒரே வாரத்துல மூடுனாக. மண்ணுக்கு எங்க போறது? கம்பெனிகள்ல மிஞ்சுற வெட்டுத்துணி இருக்குல்ல, கட்டிங் வேஸ்ட், அத மூட்ட மூட்டையாத் தள்ளி, மேல கொஞ்சம் மண்ணப் போட்டு நெரவிவிட்டாக."

பதிவு முடிந்தது. நான் கேட்கும் முன்பே முன்வரிசையில் ஒருவன் எழுந்தான். "மிஸ், அவருக்கு எப்படித் தெரியும்னா, அவரே ஓட்டியிருக்கார்." இன்னொருத்தி, "லாபம் ஒண்ணும் இல்லைங் மிஸ், நஷ்டந்தான் வரும்" என்றாள். மூன்றாவது கேள்விக்கு வரைபடத்தின் புள்ளிகளே பதில். சன்னல் பக்கம் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வெளியே பார்த்தார்கள். மைதானத்தின் பின்கோடியில் புது பிளாக்குக்கு முதல் மாடி கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். கலவை மிஷின் சுற்றும் சத்தம் மட்டும் வகுப்புக்குள் வந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் தலையைக் குனிந்து பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் அப்பா என்ன சொல்லியிருக்கிறார் என்பது அவளுக்கும் அப்போதுதான் முழுசாகப் புரிந்திருக்க வேண்டும்.

அன்று மாலை கட்டட என்ஜினியரிடம் போய்ப் பேசினேன். "மண் டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சுங் மேடம்" என்றார். எந்த இடத்தில் எடுத்தீர்கள் என்று கேட்டேன். போன் வந்ததுபோல எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். போன் அடிக்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்துத் தாளாளர் கூப்பிட்டார். மறுபடியும் காப்பி.

"உங்க கோர்ஸ் பிரமாதமுங்க டீச்சர். காங்கேயத்துக்கு எண்ணெய் மில்லுப் பக்கம் போறப்ப எல்லாம் கார்ல அதத்தான் கேட்டுட்டே போறேனுங்க. ஒண்ணு விடறதில்ல. பசங்க எத்தன அழகா கேள்வி கேக்கறாங்க."

தளத்துக்குள் அவர் நுழைய முடியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. முதல் நாளே ஒரு அட்மின் பாஸ்வேர்டு வாங்கிக்கொண்டதாகக் கம்ப்யூட்டர் சார் அப்புறம்தான் சொன்னார். பிள்ளைகளின் வீட்டுத் திண்டாட்டங்கள், அம்மாக்களின் பேச்சு, பின்னணியில் அழும் குழந்தைகள், எல்லாவற்றையும் ஒருவர் காரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே போயிருக்கிறார். அதை நினைக்க எனக்கு உடம்பு கூசியது.

"அந்தக் கெணத்துக் கதை மட்டுந்தான் திரும்பத் திரும்ப வருது பாருங்க. சலிப்பா இருக்குதுங்க."

"அங்க கிணறு இருந்துச்சுங்களா சார்?" என்று கேட்டேன்.

"தோட்டம்னு இருந்தா கெணறு இல்லாம இருக்குங்களா டீச்சர்?" சிரித்தார். "இருந்துச்சு, மூடியாச்சு. கட்டறவங்களுக்குத் தெரியாதுங்களா? நாம நம்ம ஊரு பெருமையச் சொல்லலாமுங்க. வெறும் பருத்திக்காட்ல இருந்து இந்த ஊரு எப்படி மேல வந்துச்சுன்னு. எத்தன குடும்பம் பொழைக்குது! அத வெச்சு ஒரு பாடம் பண்ணுங்க."

நான் எழுந்தபோது, ஏதோ நினைவு வந்ததுபோல நிறுத்தினார். "அந்த டேங்கர் ஓட்டுனதாப் பேசுனாரு பாருங்க, அவரு நம்ம கம்பெனிலதான் இப்ப வேன் ஓட்டறாரு. தங்கமான மனுசன். புள்ளகுட்டிக்காரரு. ஏதோ வெவரம் தெரியாமப் பேசிப்போட்டாரு. நீங்களும் நானும் அவரக் கஷ்டப்படுத்த வேண்டாமுங்க."

ஒரு சொல்கூட அதட்டலாக இல்லை. வெளியே வந்து படியில் நின்று, அவர் சொன்னதை மறுபடி ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

மறுநாள் மாலை அந்தப் பெண்ணின் அப்பா பஸ் நிறுத்தத்தில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். கம்பெனிச் சட்டையோடு வந்திருந்தார். நான் பக்கத்தில் போனதும் கும்பிட்டார்.

"டீச்சர், நா பேசுனத எடுத்துருங்க. பிள்ள ஆசையாக் கேட்டுச்சேன்னு ஒளறிட்டேன். அப்படி ஒண்ணும் நடக்கல."

"நடக்கலையாங்க?"

அவர் சாலையைப் பார்த்தார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. "நடந்துச்சுன்னு நா சொன்னா எனக்குச் சோறு போடுவீகளா?" என்றார். கோபமாக அல்ல, நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ள விரும்புபவர் போல.

அவர் குரல் அவருடையது. திரும்பக் கேட்க அவருக்கு உரிமை இருந்தது. அங்கேயே கம்ப்யூட்டர் சாரைப் போனில் அழைத்து அந்தப் பதிவை நீக்கச் சொன்னேன். நீக்கியாகிவிட்டது என்று பதில் வரும்வரை அவர் நின்றார். பிறகு மறுபடியும் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்த வார இறுதியில் கிணற்றைப் பற்றிய மற்றப் பதிவுகளும் தளத்தில் இல்லாமல் போயின. அவற்றை நாங்கள் இருவரும் தொடவில்லை. வரைபடத்தில் பள்ளியைச் சுற்றி ஒரு வெற்றிடம் விழுந்திருந்தது. புள்ளிகள் இருந்தபோது அவற்றைக் கவனிக்காத பிள்ளைகளுக்குக்கூட இப்போது அது கண்ணில் பட்டது. ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்துபோன முகத்தோடு என்னைப் பார்த்தார்கள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

ஆயுத பூஜையன்று புது பிளாக்கைத் திறந்தார்கள். பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை கொடுத்து, ஸ்க்ரீனுக்குச் சந்தனம் வைத்தார்கள். என் வகுப்பு தரைத்தளத்தில் கோடி அறை. முதல் நாள் உள்ளே நடந்தபோது பின்மூலையில் டைல்ஸின் சத்தம் வேறாக இருந்தது. மற்ற இடத்தில் செருப்பு பட்டால் 'டக்' என்று கேட்கும். அந்த மூலையில் பானையைத் தட்டினாற்போல ஒரு ஒலி. கடைசி பெஞ்சில் இருந்தவர்கள் முதலில் அதைக் காலால் தட்டித் தட்டி விளையாடினார்கள். பிறகு விளையாடுவதை நிறுத்திவிட்டார்கள்.

மழை தொடங்கியது. ஒருநாள் காலையில் போனபோது அந்த மூலைச் சுவரின் அடியில் ஓதம் ஏறியிருந்தது. புதுச் சுவரில் ஓதம் ஏறுவது அதிசயம் இல்லை. ஆனால் அந்த ஈரம் நீல நிறத்தில் இருந்தது. வெளுத்த ஊதா கலந்த நீலம். விரலால் தொட்டேன், ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டுக் கழுவியும் சாயங்காலம்வரை விரல் நுனியில் இருந்தது. மறுநாள் பெயின்டர் வந்து வெள்ளையடித்துவிட்டுப் போனார். அடுத்த மழைக்கு அது மறுபடியும் வந்தது, முன்னைவிட ஒரு சாண் மேலே. அறையில் ஒரு வாடையும் சேர்ந்துகொண்டது. சாயப்பட்டறைத் தெருவில் நடந்தவர்களுக்குத் தெரியும், தொண்டையில் உட்காரும் ஒரு கார வாடை.

அந்தப் பெண் பள்ளிக்கு வருவது நின்றிருந்தது. அவள் அப்பாவைக் காங்கேயம் பக்கம் தாளாளருக்கு இருந்த தென்னந்தோப்பு வேலைக்கு மாற்றிவிட்டார்கள் என்றும், பிள்ளையைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு டிசி வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றும் ஆபீஸில் சொன்னார்கள்.

நான் தாளாளரிடம் நேராகப் போனேன். இந்த முறை காப்பி வேண்டாம் என்றேன். "அந்த ரூம்ல நான் கிளாஸ் எடுக்க மாட்டேனுங்க சார். பிள்ளைங்களையும் உக்கார வெக்க வேண்டாமுங்க" என்றேன்.

"சரீங்க டீச்சர்" என்றார் உடனே. "உங்களுக்குப் பிடிக்கலீன்னா விட்டுருங்க. கணக்கு டீச்சர் அங்க எடுக்கட்டும்."

மறுநாளிலிருந்து அதே பிள்ளைகள் அதே அறையில் கணக்குப் படித்தார்கள். நான் பழைய கட்டடத்தில் இருந்தேன். என்னை மட்டும் அந்த இடத்திலிருந்து பத்திரமாக வெளியே எடுத்து வைத்திருந்தார். வராந்தாவில் நின்று பார்த்தால் கோடி அறைச் சன்னல் தெரியும், கடைசி பெஞ்சின் தலைகள் தெரியும். மழை கனக்கும்போதெல்லாம் என்னால் என் வகுப்பில் ஒரு வாக்கியம் முடிக்க முடியவில்லை.

என் வீட்டுக்காரர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். எல்லாம் கேட்டுவிட்டு, "அவருக்கு எதிர்ல பேசினா இந்த ஊர்ல வேற ஸ்கூல்லயும் உனக்கு வேலை கெடைக்காது, பாத்துக்கோ" என்றார். பயமுறுத்த அல்ல. அவருக்குத் தெரிந்த நடப்பைச் சொன்னார்.

பாடத்திட்டத்தில் வீட்டுப் பாதி என்று ஒன்றை நானேதான் வைத்திருந்தேன். வகுப்பறை அவர் கையில் இருக்கலாம், வீட்டுப் பாதி என் கையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறையிலேயே போனை நிறுத்தி வைத்து ஒரு பாடம் எடுத்தேன். அதற்கு 'நம் பள்ளி நிலம்' என்று தலைப்புக் கொடுத்தேன். யாருடைய பேரையும் சொல்லவில்லை, டிரைவரின் பேச்சைத் தொடவே இல்லை. இங்கே ஒரு கிணறு இருந்ததாகப் பலர் சொன்னார்கள். அது எப்படி மூடப்பட்டது என்று நமக்கு உறுதியாகத் தெரியாது. புது அறையின் தரையில் ஒரு மூலை வேறுவிதமாக ஒலிக்கிறது. சுவரில் சாய நிறத்தில் ஈரம் ஏறுகிறது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, அந்த மூன்று கேள்விகளை வீட்டில் பெரியவர்களோடு உட்கார்ந்து கேளுங்கள் என்று முடித்தேன். கம்ப்யூட்டர் சாரிடம் காட்டினேன். "இத ஏத்துனா ரெண்டு பேருக்கும் நாளைக்கு வேல இருக்காதுங் மேடம்" என்றார். பிறகு என் கையிலிருந்து போனை வாங்கினார். "என்ற தங்கச்சியும் இங்கதான் ஏழாவது படிக்கறா" என்று சொல்லிவிட்டு அவரே ஏற்றினார்.

மதியத்துக்குள் அது தளத்திலிருந்து காணாமல் போனது. ஆனால் அதற்குள் அது வீடுகளுக்குப் போய்விட்டிருந்தது.

திங்கட்கிழமை காலையில் பள்ளி வாசலில் அம்மாக்கள் நின்றார்கள். பெரிய கூட்டமில்லை. பனியன் கம்பெனியில் செக்கிங், பேக்கிங் வேலைக்குப் போகிறவர்கள், பெர்மிஷன் போட்டுவிட்டு, கழுத்தில் அடையாள அட்டையோடு அப்படியே வந்திருந்தார்கள். தாளாளர் தானே வெளியே வந்தார். எல்லோரையும் வாங்க வாங்க என்றார். முன்னால் நின்ற ஒரு அம்மா, குரல் நடுங்க, ஆனால் நகராமல் சொன்னார்: "ஏனுங்க, எங்க புள்ளைங்கள அந்த ரூம்ல உக்கார வெக்காதீங்க. வேற எங்கயாச்சும் மரத்தடில கூட வெச்சுக்குங்க. அந்த ரூம் வேண்டாமுங்க."

"அட, அவ்வளவுதானுங்களா?" என்றார் தாளாளர். "தீபாவளி வரைக்கும் பழைய பிளாக்லயே இருக்கட்டுமுங்க. லீவுல சுவத்தச் சரி பண்ணிப்போட்டு அப்புறம் பாத்துக்கலாம்." பேசிக்கொண்டே கூட்டத்துக்கு மேலாக என்னைத் தேடினார். கண்டதும் லேசாகத் தலையசைத்தார். வணக்கம் சொல்வது போலத்தான் இருந்தது.

தீபாவளிக்குப் போனஸ் வாங்கிக்கொண்டு ஊர் காலியானது. தெற்கத்திக்காரர்கள் பஸ் ஏறினார்கள், வடக்கத்திக்காரர்கள் ரயில் ஏறினார்கள். மிஷின் சத்தம் நின்ற ஊரில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த விடுமுறை முழுவதும் பெய்தது.

பள்ளி திறந்த அன்று மைதானத்துக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். கோடி அறையின் பின்பாதித் தரை இல்லை. கடைசி மூன்று வரிசைப் பெஞ்சுகளும் உள்ளே போயிருந்தன. ஒரு பெஞ்சின் கால் மட்டும் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. சன்னல் பக்கச் சுவர் வெளிப்புறமாகச் சாய்ந்து, வானம் தெரிந்தது. பள்ளத்தின் ஓரமெல்லாம் துணி. மட்கிக் கறுத்த துணியின் நடுவே இன்னும் நிறம் போகாத சிவப்பு, பச்சை, ஆரஞ்சு நறுக்குகள், நேற்றுத்தான் வெட்டிப் போட்டது போல. ஒரு குழந்தை பனியனின் முழுக்கை ஒன்று கிடந்தது. அதைப் பார்த்ததும் அங்கேயே தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளைகள் கயிற்றின் இந்தப் பக்கம் நின்றார்கள். முன்வரிசைப் பையன் மட்டும் என் அருகில் வந்து, "மிஸ், நாங்க அங்க உக்காந்திருந்தோம்" என்றான். அதை அவன் என்னிடம் மட்டும் சொல்லவில்லை என்று தோன்றியது.

தாளாளர் குடையோடு வந்தார். "லீவுல நடந்துதுங்க டீச்சர். சாமி காப்பாத்திருச்சு" என்றார். பிறகு அதே குரலில், "நீங்க ரொம்பக் களைச்சுத் தெரியறீங்க. இந்த வருசம் ரெஸ்ட் எடுங்க. சம்பளமெல்லாம் ஒழுங்கா வந்துரும்" என்றார். அன்று மதியமே என் மேசையைக் காலி செய்தேன். கம்ப்யூட்டர் சார் அந்த மாதக் கடைசிவரை இருந்துவிட்டு அவருடைய அத்தா கடைக்கே போய்விட்டார். மழையால் ஏற்பட்ட சேதம் என்று பெற்றோருக்குச் சுற்றறிக்கை போனது. கோடி அறைகளை இடித்தார்கள். மீதி பிளாக் இன்றும் நிற்கிறது, அங்கே சின்ன வகுப்புகள் நடக்கின்றன என்று கேள்வி.

நான் இப்போது அமராவதி நகர்ப் பக்கம் ஒரு சிறிய பள்ளியில் இருக்கிறேன். அங்கேயும் வரலாறுதான். பல்லடத்தில் இன்னும் வீடு இருப்பதால் வார இறுதியில் வந்து போகிறேன். அப்படி வந்துவிட்டுத் திரும்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல்லடம் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்ணின் அப்பாவைப் பார்த்தேன். அவர்தான் என்னை அடையாளம் கண்டு வந்தார். தோப்பு வேலையை விட்டுவிட்டதாகவும் இப்போது சொந்தமாக ஒரு சரக்கு ஆட்டோ ஓட்டுவதாகவும் சொன்னார். மகள் சொந்த ஊரில் அரசுப் பள்ளியில் படிக்கிறாளாம். தரை இறங்கிய செய்தி அவருக்குத் தெரிந்திருந்தது.

"பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகலையே டீச்சர்?"

"ஒண்ணும் ஆகலைங்க."

பெருமூச்சு விட்டார். பிறகு சுற்றிப் பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தார். "அந்த ஒரு கெணறுதான்னு நெனச்சுக்கிட்டு இருக்கீகளா?"

கேட்டுவிட்டால் அப்புறம் தெரியாதவளாக இருக்க முடியாது. "சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். ஒன்றின் மேல் இப்போது குடோன். ஒன்று வீட்டுமனையாகக் கல் நட்டுக் கிடக்கிறது. ஒன்றின் மேல் கல்யாண மண்டபம். போன ஆவணியில் நான் உறவுக்காரக் கல்யாணத்துக்குப் போய் அங்கேதான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு வந்தேன். எதையும் பதிய வேண்டாம் என்று இந்த முறை அவர் கேட்டுக்கொள்ளவில்லை. நானும் போனைக் கையில் எடுக்கவில்லை. என் பஸ் வந்து, ஹாரன் அடித்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அடுத்ததும் போனது. அவர் இன்னும் ஒவ்வொரு இடத்துக்கும் வழி சொல்லிக்கொண்டிருந்தார், நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.